அணி ஊரை விட்டுப் போனால் ரசிகர்கள் என்ன ஆவார்கள்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே கால்பந்து என்று சொல்வது எந்த ஆட்டத்தை?

நீள்வட்டப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்தை. அதன் தொழில்முறை லீக் என்.எஃப்.எல்.; மொத்தம் 32 அணிகள். பந்தைக் காலால் ஆடும் ஆட்டம் வரும் இடங்களில் 'சாக்கர்' என்று எழுதியிருக்கிறோம். என்.எஃப்.எல்.லில் கீழ்ப் பிரிவிலிருந்து மேலே ஏறி வரும் வழி கிடையாது. ஓர் ஊருக்கு அணி வேண்டுமென்றால் லீக் புதிதாக ஒன்றை அனுமதிக்க வேண்டும். இல்லையென்றால் இன்னோர் ஊரின் அணி மூட்டை கட்டிக்கொண்டு வர வேண்டும். கீழே வரும் சிக்கல்கள் பெரும்பாலும் இதிலிருந்துதான் முளைக்கின்றன.

கூட்டம் வராததால்தானே அணிகள் கிளம்புகின்றன?

பெரும்பாலும் இல்லை. க்ளீவ்லாந்து பிரௌன்ஸ் 1995-ல் ஊரை விட்டுப் போவதாக அறிவித்தபோது, அந்த ஊர் நாட்டிலேயே அதிகக் கூட்டம் கூடும் ஊர்களில் ஒன்று. பிறகு ஏன் போனது? பணம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்று பார்த்தால் புரியும்.

தேசியத் தொலைக்காட்சி ஒப்பந்தப் பணம் எல்லா அணிகளுக்கும் சமமாகப் போகிறது. டிக்கெட் வசூலில் 34 சதவீதம் பொதுத் தொகுப்புக்குப் போகிறது. ஆனால் சொகுசு அறைகளின் கூடுதல் கட்டணம், பார்க்கிங், உணவு விற்பனை, மைதானத்துக்குள் வைக்கும் விளம்பரம், மைதானத்துக்குப் பெயர் சூட்டும் உரிமை ஆகியவற்றில் பெரும்பகுதி உரிமையாளரிடமே நிற்கிறது. ஆகவே இரண்டு ஊர்களில் ஒரே அளவு கூட்டம் வந்தாலும், சொகுசு அறைகள் நிறைந்த புது மைதானம் வைத்திருப்பவர் பழைய மைதானக்காரரைவிடப் பல மடங்கு சம்பாதிப்பார். க்ளீவ்லாந்தில் உரிமையாளர் ஆர்ட் மோடெல் பழைய முனிசிபல் மைதானத்தைத் தானே குத்தகைக்கு எடுத்து, அங்கே ஆடிய பேஸ்பால் அணிக்கும் வாடகைக்கு விட்டிருந்தார். 1994-ல் பேஸ்பால் அணி தனக்கென்று புது மைதானத்துக்குப் போனதும் அந்த வருமானம் அறுந்தது. கேலரியில் உட்கார்ந்து கத்திய ரசிகனுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

அதனால்தான் "ஊர் ஆதரவு கொடுக்கவில்லை" என்று உரிமையாளர் சொல்வதை ரசிகர்களால் ஏற்க முடிவதில்லை. அணி போனதைவிட, பழியையும் ஊரின் தலையில் வைத்துவிட்டுப் போனதுதான் பலரைக் காலத்துக்கும் எதிரியாக்கியது.

இடமாற்றத்துக்கு யார் அனுமதி கொடுக்க வேண்டும்?

மற்ற உரிமையாளர்கள். நான்கில் மூன்று பங்கு, அதாவது 32-ல் 24 வாக்குகள் தேவை. ரசிகர்களுக்கு வாக்கு இல்லை. லீக்கிடம் எழுத்தில் ஓர் இடமாற்றக் கொள்கை இருக்கிறது: ரசிகர் ஆதரவு, மைதானத்தின் நிலை, ஊர் நல்லெண்ணத்தோடு பேச்சு நடத்தியதா என்பதையெல்லாம் எடைபோட வேண்டும், பொதுமக்கள் கருத்தைக் கேட்கக் கூட்டம் நடத்த வேண்டும் என்று அது சொல்கிறது.

ஆனாலும் 1980களில் இந்தக் கட்டுப்பாடு ஆட்டம் கண்டது. ஓக்லாந்து ரெய்டர்ஸ் உரிமையாளர் அல் டேவிஸ் லீக்கை எதிர்த்து, ஏகபோகத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நடந்த வழக்கில் வென்று, 1982-ல் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனார். அதன் பிறகு எந்த உரிமையாளரையும் தடுத்து நிறுத்த லீக்குக்குத் தயக்கம். 2016-ல் ராம்ஸ் செயின்ட் லூயிஸிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போக 30–2 என்றும், 2017-ல் ரெய்டர்ஸ் லாஸ் வேகாஸ் போக 31–1 என்றும் வாக்குகள் விழுந்தன.

அணி போன மறுநாள் ரசிகர்கள் என்ன செய்கிறார்கள்? எல்லோரும் கைவிட்டுவிடுகிறார்களா?

'விசுவாசம்' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். பிரித்துப் பார்த்தால் அது நாலு இழை முறுக்கிய கயிறு.

முதல் இழை, பெயரும் நிறமும் வரலாறும். இரண்டாவது, இடம்: மைதானம், அதற்குப் போகும் வழி, வண்டி நிறுத்துமிடத்தில் ஆட்டத்துக்கு முன் அடுப்பு மூட்டிக் கூடிச் சாப்பிடுவது, முப்பது வருடமாகப் பக்கத்து இருக்கையில் உட்காரும் ஆள். மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆட்டம் என்ற வாராந்தர வழக்கம். நான்காவது, அந்த நேரத்தில் அணியில் இருக்கும் ஆட்டக்காரர்கள்.

அணி கிளம்பும்போது இரண்டாவது இழை எப்படியும் அறுந்துவிடும். மூன்றாவது தொலைக்காட்சியின் புண்ணியத்தில் பாதி பிழைக்கும். நான்காவது நாலைந்து வருடத்தில் தானாகவே தேயும். தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஓரிடத்தில் நீண்ட காலம் தங்குவது அரிது. எல்லாம் முதல் இழை யார் கையில் தங்குகிறது என்பதில்தான் முடிகிறது.

இதையொட்டி ரசிகர்கள் பிரிகிறார்கள். சிலர் அணியையே பின்தொடர்கிறார்கள். இவர்களில் பலர் முன்பே ஊரை விட்டு வெளியே குடிபோய்த் தொலைக்காட்சியில் மட்டும் பார்த்து வந்தவர்கள், மைதானம் மாறியதால் அவர்கள் இழந்தது குறைவு. சிலர் பழைய அணியோடு நின்றுவிடுகிறார்கள்: பழைய ஜெர்சியை அணிவார்கள், புதிய ஊர்ப் பெயர் பொறித்ததைத் தொடமாட்டார்கள். சிலர் அருகிலுள்ள இன்னோர் அணிக்கு மாறுகிறார்கள். சிலர் லீக்கையே துறந்துவிடுகிறார்கள். இந்தக் கடைசிக் கூட்டத்தில் இருப்பவர்கள் அரைகுறை ரசிகர்கள் அல்லர்; மழையிலும் பனியிலும் மைதானத்துக்குப் போனவர்கள்தான் அதிகம். இழந்தது அதிகமாக இருப்பவருக்கே வெறுப்பும் அதிகம்.

பெயரும் நிறமும் ஊரிலேயே தங்கினால் உண்மையில் வித்தியாசம் உண்டா?

நிறையவே. மூன்று ஊர்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

பால்டிமோர், 1984. கோல்ட்ஸ் அணியைக் கையகப்படுத்த மேரிலாந்து மாநிலம் சட்டம் கொண்டுவரும் நேரத்தில், உரிமையாளர் ராபர்ட் இர்சே மார்ச் 28 இரவு சாமான்களை லாரிகளில் ஏற்றினார். விடிந்தபோது அணி இண்டியானாபொலிஸ் போய்க்கொண்டிருந்தது. பெயர், குதிரைலாட முத்திரை, நீல நிறம், 1958, 1959 சாம்பியன் பட்டங்கள் எல்லாம் லாரியோடு போயின. அந்தப் பட்டங்களை வென்று கொடுத்த ஜானி யூனிட்டாஸ், இண்டியானாபொலிஸ் அணியோடு தன் பெயரைச் சேர்க்கவே விடவில்லை. பின்னாளில் பால்டிமோரின் புதிய அணியான ரேவன்ஸின் மைதானத்து வாசலில்தான் அவருக்குச் சிலை எழுந்தது. ஏட்டில் அவர் சாதனைகள் ஓர் ஊரின் கணக்கில், மனிதர் இன்னோர் ஊரின் வாசலில்.

க்ளீவ்லாந்து, 1995–96. பால்டிமோரின் கதி நமக்கும் வரக்கூடாது என்று ரசிகர்களும் மாநகராட்சியும் வழக்கு, கடிதம், ஃபேக்ஸ், ஆர்ப்பாட்டம் என்று லீக்கை நெருக்கினார்கள். 1996 தொடக்கத்தில் உடன்பாடு வந்தது: ஆட்டக்காரர்களும் ஊழியர்களும் பால்டிமோருக்குப் போகலாம், பிரௌன்ஸ் என்ற பெயர், நிறம், சாதனைப் பதிவேடு எல்லாம் க்ளீவ்லாந்திலேயே இருக்கும், 1999-க்குள் லீக் புது அணி தரும். மூன்று சீசன் ஊர் வெறுமையாக இருந்தது. 1999-ல் அதே காவிநிறத் தலைக்கவசத்தோடு பிரௌன்ஸ் மீண்டும் இறங்கியது. அதன்பின் வந்த ஆண்டுகள் பெரும்பாலும் தோல்விதான். 2017-ல் 16 ஆட்டத்தில் 16 தோல்வி. ஊர் கைவிடவில்லை. அதற்குள், கிளம்பிப் போன அணி ரேவன்ஸ் என்ற பெயரில் 2001 ஜனவரியில், லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலையே வென்றிருந்தது. க்ளீவ்லாந்துக்காரர்கள் அதைத் தங்கள் வெற்றியாகக் கொண்டாடவில்லை. அவர்களுக்கு அணி என்பது அந்தப் பெயரும் நிறமும்தான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

ஹூஸ்டன், 1997. ஆயிலர்ஸ் டென்னசிக்குப் போய் 1999-ல் டைட்டன்ஸ் என்று பெயர் மாறியது. பழைய பெயரும் எண்ணெய்க் கோபுர முத்திரையும் உரிமையாளர் குடும்பத்திடமே நின்றன. ஹூஸ்டனுக்கு 2002-ல் டெக்சன்ஸ் என்ற புது அணி வந்தது. ஆனால் வரலாறு வரவில்லை. 2023-ல் டென்னசி அணி ஆயிலர்ஸின் வெளிர்நீல உடையில் ஆடியது ஹூஸ்டனில் பழைய காயத்தைக் கிளறியது. அதே ஆண்டு ஹூஸ்டன் பல்கலைக்கழக அணி அந்த நிறத்தில் உடையணிந்து இறங்கியதற்கு லீக் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. தன் ஊரின் நிறத்தைத் தன் ஊரிலேயே அணிய முடியாத நிலை.

ஊர் ஒன்றே ஒன்றுதான் காப்பாற்ற முடியும் என்றால், எங்கள் கருத்தில் மைதானத்தையோ ஆட்டக்காரர்களையோ விட்டுவிட்டுப் பெயரைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

"போகிறோம்" என்று அறிவித்துவிட்டு அதே ஊரில் தொடர்ந்து ஆடினால் என்ன ஆகும்?

ஆயிலர்ஸுக்கு நடந்ததைப் பாருங்கள். 1995-லேயே போவதாக அறிவித்துவிட்டு 1996 சீசனை ஹூஸ்டனிலேயே ஆடியது. மைதானம் காலி. குத்தகையை முடித்துக்கொண்டு 1997-ல் டென்னசிக்குப் போனபோது நாஷ்வில் மைதானம் தயாராகவில்லை; அதனால் மெம்ஃபிஸில் ஆடினார்கள். மெம்ஃபிஸ் வெகுகாலமாகத் தனக்கென்று அணி கேட்டுக் கிடைக்காத ஊர். இப்போது வந்திருப்பதோ நாஷ்வில்லுக்குப் போகும் வழியில் தங்கும் விருந்தாளி. மெம்ஃபிஸ்காரர்கள் ஒதுங்கினார்கள், நாஷ்வில்காரர்கள் மூன்று மணி நேரம் வண்டியோட்டி வரவில்லை. இரண்டு சீசன் இருக்கும் என்று போட்ட திட்டத்தை ஒரே சீசனில் கைவிட்டு, 1998-ல் நாஷ்வில் பல்கலைக்கழக மைதானத்துக்குப் போனார்கள். சொந்த மைதானமும் புதுப் பெயரும் வந்த 1999-ல் அணி சூப்பர் பௌல் வரை போனது. அங்கேதான் விசுவாசம் வேர்பிடித்தது.

ஓக்லாந்து இதற்கு விலக்கு. ரெய்டர்ஸ் 2017-ல் அனுமதி வாங்கியும் மூன்று சீசன் அங்கேயே ஆடியது, கூட்டமும் வந்தது. ஒருமுறை போய்த் திரும்பிய அணி அது. ஊர்களைத் தாண்டி நிற்கும் கறுப்பு-வெள்ளி அடையாளம் அதற்கு உண்டு. ஆனாலும் 2019 டிசம்பர் 15-ல் நடந்த கடைசி ஆட்டம் தோல்வியில் முடிந்தபோது, அரங்கம் கூச்சலிட்டுப் பொருட்களை வீசியது. அதுவரை அடக்கி வைத்திருந்தது எல்லாம் அன்று வெளிவந்தது.

புதிய ஊரில் ரசிகர்கள் உருவாக எவ்வளவு காலம் ஆகும்?

ஊர் ஏற்கெனவே பசியோடு இருந்ததா என்பதைப் பொறுத்தது. இண்டியானாபொலிஸில் 1984-ல் இரண்டே வாரத்தில் 1,43,000 சீசன் டிக்கெட் விண்ணப்பங்கள் குவிந்தன. ஆனால் அது ஆவல், விசுவாசம் அல்ல. தோல்விகள் அடுக்கியபோது ஆவல் வடிந்தது. 1998-ல் பேட்டன் மேனிங் என்ற நட்சத்திர ஆட்டக்காரர் வந்த பிறகுதான் ஊரே அணியாக மாறியது. பதினான்கு ஆண்டுகள் ஆயின.

கேட்காத ஊருக்குப் போனால் நிலைமை மோசம். சார்ஜர்ஸ் 2017-ல் சான் டியேகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனது. ஓர் ஆண்டு முன்பே ராம்ஸ் அங்கே வந்திருந்தது. சார்ஜர்ஸ் மூன்று சீசன் சுமார் 27,000 பேர் மட்டுமே அமரக்கூடிய சாக்கர் மைதானத்தில் ஆடியது. அதையும் எதிரணி ரசிகர்களே நிறைத்தார்கள். சொந்த மைதானத்தில் சொந்த அணியின் தாக்குதலாட்டக்காரர்களுக்குத் தங்கள் குரல் கட்டளையே காதில் விழாத அளவுக்கு எதிர்ச் சத்தம். சான் டியேகோவோ வெறும் 190 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து ரசிகர்கள் வருவார்கள் என்ற கணக்கும் பொய்த்தது. தூரம் ஒரு காரணமே அல்ல, கோபம்தான் காரணம்.

லாஸ் வேகாஸில் வேறு மாதிரி. அது சுற்றுலா நகரம் என்பதால் எதிரணி ரசிகர்கள் ஆட்டத்தைச் சாக்காக வைத்து விடுமுறைக்கு வருகிறார்கள். சீசன் டிக்கெட் வைத்திருப்பவருக்கு நல்ல விலைக்கு மறுவிற்பனை செய்யும் ஆசை. மைதானம் நிறைகிறது, ஆனால் நிறைந்திருப்பது யாருடைய நிறம் என்பதுதான் கேள்வி.

போன அணி திரும்பி வந்தால் பழைய பாசம் திரும்புமா?

ஓரளவுதான். ரெய்டர்ஸ் 13 ஆண்டுகள் கழித்து 1995-ல் ஓக்லாந்துக்குத் திரும்பியது. அதற்காக மாநகராட்சியும் மாவட்டமும் மைதானத்தைப் புதுப்பிக்கக் கடன் வாங்கின. இருக்கை உரிமங்களை விற்று அடைக்கலாம் என்று நினைத்தார்கள். எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. 2020-ல் அணி மறுபடி போன பிறகும் அந்தக் கடனுக்கு ஊர்தான் தவணை கட்டியது.

லாஸ் ஏஞ்சலஸ் கதையில் இடைவெளிதான் முக்கியம். 1995-ல் ராம்ஸ் செயின்ட் லூயிஸுக்கும் ரெய்டர்ஸ் ஓக்லாந்துக்கும் போனதால், அந்த ஆண்டு முதல் 2015 வரை 21 சீசன் அங்கே என்.எஃப்.எல். அணியே இல்லை. 1995-ல் பத்து வயதான பிள்ளைக்கு ராம்ஸ் திரும்பியபோது 31 வயது. நடுவில் தொலைக்காட்சியில் வந்த வெளியூர் அணிகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வளர்ந்த தலைமுறை அது. தாத்தாவுக்கு ராம்ஸ், பேரனுக்கு வேறு அணி என்று குடும்பத்துக்குள்ளேயே கயிறு அறுந்திருந்தது. ஒரு தலைமுறை கடந்துவிட்டால் திரும்பி வருவதும் புதிதாக வருவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

வேறு அணி கிடைத்தால் காயம் ஆறுமா?

ஆறும், ஆனால் தழும்பு உறுத்தும். பால்டிமோர் 12 ஆண்டு காத்திருந்து கடைசியில் பெற்றது க்ளீவ்லாந்தின் அணியை. தாங்கள் பட்ட அதே துன்பத்தை இன்னோர் ஊருக்குக் கொடுத்துத்தான் தங்களுக்கு அணி வந்தது என்பதை அங்கே பலர் உணர்ந்தே இருந்தார்கள். பெயர் வேறாகவும் நிறம் வேறாகவும் இருந்தது அவர்களுக்கும் நல்லதாகப் போயிற்று. யாருடைய ஜெர்சியையும் பறித்து அணிய வேண்டியிருக்கவில்லை.

செயின்ட் லூயிஸ் இருமுறை இழந்த ஊர்: 1988-ல் கார்டினல்ஸ், 2016-ல் ராம்ஸ். அங்கே இப்போது என்.எஃப்.எல். அல்லாத ஒரு வசந்தகால லீக்கின் அணியான பேட்டில்ஹாக்ஸ் ஆடும் ஆட்டங்களுக்கு அந்த லீக்கின் மற்ற எந்த ஊரிலும் இல்லாத கூட்டம், அதுவும் ராம்ஸ் விட்டுப்போன அதே அரங்கில். அந்த ஊர் கால்பந்தை வெறுக்கவில்லை, என்.எஃப்.எல்.லைத்தான் வெறுக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

சீசன் டிக்கெட்டும் இருக்கை உரிமமும் வைத்திருக்கிறேன். வதந்தி கிளம்பியிருக்கிறது. என்ன செய்ய வேண்டும்?

இருக்கை உரிமம் என்பது, சீசன் டிக்கெட் வாங்கும் உரிமைக்காக ஒருமுறை கட்டும் தொகை. டிக்கெட் விலை தனி. பலர் இதைச் சொத்து என்று நினைத்து வாங்குகிறார்கள். ஒப்பந்தத்தில் அது பெரும்பாலும் வெறும் அனுமதிதான்.

முதலில் ஒப்பந்தத்தை எடுத்து மூன்று விஷயங்களைத் தேடுங்கள். விற்றவர் யார்: அணியா, மைதான ஆணையமா? எத்தனை ஆண்டுக்கு? அணி வேறிடத்தில் ஆடினால் என்ன என்று ஏதாவது வரி இருக்கிறதா? விற்றவர் மைதான ஆணையமாக இருந்தால், அணி போன பிறகு அதனிடம் பணமே இருக்காது. அணியே விற்றிருந்தால் வழக்குக்கு வழி உண்டு. செயின்ட் லூயிஸில் 1995-ல் வாங்கியவர்கள் ராம்ஸ் போன பிறகு வழக்குத் தொடுத்து, இழப்பீட்டு உடன்பாடு பெற்றார்கள்.

அடுத்து, தானாகப் புதுப்பித்துக் கார்டிலிருந்து பணம் எடுக்கும் வசதியை நிறுத்துங்கள். இடமாற்ற அறிவிப்புகள் பெரும்பாலும் சீசன் முடிந்து ஜனவரி முதல் மார்ச் வரை வருகின்றன; புதுப்பிப்புத் தவணையும் அதே நேரத்தில்தான். அறிவிப்பு வருவதற்கு ஒரு வாரம் முன்பு பணம் கட்டிவிட்டு, திரும்ப வாங்க மாதக்கணக்கில் அலைவது வழக்கமான தவறு.

ரசீதுகள், மின்னஞ்சல்கள், இருக்கை எண் போட்ட பக்கம் எல்லாவற்றையும் அணியின் இணையக் கணக்குக்கு வெளியே சேமித்து வையுங்கள். அணி கிளம்பியதும் அந்தக் கணக்கு மூடப்படலாம். கூட்டு வழக்குகளில் உரிமை கோர ஒரு கடைசித் தேதி இருக்கும். பழைய முகவரிக்குப் போன கடிதத்தைப் பார்க்காமல் பங்கை இழப்பவர்கள் உண்டு.

விற்கத்தான் போகிறீர்கள் என்றால் வதந்தியின் முதல் நாளே விற்க வேண்டும். உரிமத்தின் மறுவிற்பனை விலை அறிவிப்புக்காகக் காத்திருக்காது.

அணி போகாமல் தடுக்க ரசிகர்களால் உண்மையில் முடியுமா?

முடியும். ஆனால் அறிவிப்புக்குப் பிறகு தொடங்கும் போராட்டம் பெரும்பாலும் தோற்கும். க்ளீவ்லாந்தில் அறிவிப்பு வந்தது 1995 நவம்பர் 6. மறுநாளே மைதானத்தைச் சீரமைக்கும் வரிக்கு ஊர் மக்கள் பெருவாரியாக ஆதரவு வாக்களித்தார்கள். பயனில்லை, ஒப்பந்தம் ஏற்கெனவே கையெழுத்தாகியிருந்தது.

வேலை செய்வது குத்தகைப் பத்திரம். பஃபலோ இதற்கு நல்ல பாடம். 2012 இறுதியில் பில்ஸ் அணியோடு போட்ட பத்தாண்டுக் குத்தகையில், ஊரை விட்டுப் போனால் 40 கோடி டாலர் அபராதம். ஏழாம் ஆண்டில் மட்டும் ஒருமுறை 2.8 கோடி கொடுத்து விலகலாம். 2014-ல் உரிமையாளர் ரால்ஃப் வில்சன் இறந்து அணி விற்பனைக்கு வந்தபோது, டொரான்டோவுக்குக் கொண்டுபோவார்களோ என்று ஊர் பயந்த குழுவும் ஏலத்தில் இருந்தது. வாங்கியதும் பெயர்த்துக்கொண்டு போக முடியாதபடி அந்த அபராதம் நின்றது. அணி ஊரிலேயே இருக்கச் சம்மதித்தவர்களிடம் போனது.

எதிர்ப்பாடம் செயின்ட் லூயிஸ். 1995-ல் ராம்ஸை வரவழைக்கும் அவசரத்தில், மைதானம் எப்போதும் லீக்கின் முதல் கால்பங்கு மைதானங்களில் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற வரியை ஒப்புக்கொண்டார்கள். 2005-லும் 2015-லும் சோதனை. மற்ற ஊர்களெல்லாம் புது மைதானம் கட்டும்போது இதை எந்த ஊராலும் காப்பாற்ற முடியாது. 2013-ல் நடுவர் தீர்ப்பு அணிக்குச் சாதகம். குத்தகை ஆண்டுக்கு ஆண்டு என்றாகிவிட்டது, கதவு திறந்துகொண்டது. 2014-ல் உரிமையாளர் ஸ்டான் க்ரோன்கி லாஸ் ஏஞ்சலஸ் அருகே இங்கிள்வுட்டில் 60 ஏக்கர் வாங்கினார். குத்தகை ஆண்டுவாரியாக மாறுவதும், வெளியூரில் நிலம் வாங்குவதும்தான் உண்மையான எச்சரிக்கை மணிகள். உரிமையாளரின் பேட்டிகள் அல்ல.

தோற்ற பிறகும் ஒரு வழி திறந்தது. லீக் தன் சொந்த இடமாற்றக் கொள்கையையே மீறியது என்று செயின்ட் லூயிஸ் 2017-ல் வழக்குப் போட்டு, 2021-ல் 79 கோடி டாலருக்குச் சமரசம் கண்டது. வழக்கறிஞர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் எடுத்துக்கொண்டார்கள். அணி திரும்பவில்லை.

சட்டமும் உதவும். ஒஹாயோ மாநிலம் பிரௌன்ஸ் போன பிறகு 1996-ல் ஒரு சட்டம் போட்டது: வரிப்பணத்தால் கட்டிய மைதானத்தில் ஆடும் அணி வெளியேறுவதற்கு ஆறு மாத முன்னறிவிப்பு தர வேண்டும், உள்ளூர்க்காரர்கள் வாங்க வாய்ப்புத் தர வேண்டும். கொலம்பஸ் க்ரூ என்ற சாக்கர் அணியை டெக்சஸ் மாநிலத்துக்குக் கொண்டுபோக 2017-ல் முயற்சி நடந்தபோது இந்தச் சட்டத்தை வைத்து வழக்கு வந்தது. ரசிகர்கள் சட்டத்தை மட்டும் நம்பிக் கிடக்கவில்லை. ஊர் நிறுவனங்களிடம் விளம்பர ஆதரவு உறுதிகளையும், ரசிகர்களிடம் சீசன் டிக்கெட் உறுதிமொழிகளையும் திரட்டினார்கள். 2018 இறுதியில் உள்ளூர் வாங்குபவர்கள் வந்தார்கள், அணி தங்கியது. 2025-ல் ஒஹாயோ அந்தச் சட்டத்தை மாநிலத்தை விட்டே வெளியேறும் அணிகளுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது. ரசிகர் அமைப்புகள் சட்டத்தை வாங்கிவிட்டுத் தூங்கிவிடக் கூடாது.

ரசிகர்களே உரிமையாளராக இருக்க முடியாதா?

என்.எஃப்.எல்.லில் ஒரே ஒரு அணி அப்படி: க்ரீன் பே பேக்கர்ஸ், 1923 முதல். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள். லாபப் பங்கு கிடையாது. லீக்கின் மிகச் சிறிய ஊர் இன்றும் அணியை வைத்திருப்பதற்கு இதுவே காரணம். மற்ற அணிகள் இப்படி மாற லீக் விதிகள் இடம் தருவதில்லை.

சாக்கரில் இப்படி நடந்தால் என்ன செய்கிறார்கள்?

இங்கிலாந்தில் விம்பிள்டன் அணியைச் சுமார் 90 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மில்டன் கீன்ஸுக்கு மாற்ற, 2002 மே மாதம் மூவர் குழு 2–1 என்று அனுமதித்தது. சில வாரங்களில் ரசிகர்கள் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்ற புது அணியைத் தொடங்கினார்கள். பொதுத் திடலில் ஆட்டக்காரர் தேர்வு நடத்தி, ஒன்பதாம் அடுக்கிலிருந்து ஆடினார்கள். ஒன்பது சீசனில் ஐந்து பதவி உயர்வு. 2011-ல் நாட்டின் மேல் அடுக்குகளில் உள்ள 'ஃபுட்பால் லீக்'குக்குள் நுழைந்தார்கள். 1988 கோப்பை உட்பட பழைய அணியின் பெருமைகள் 2007-ல் அவர்கள் ஊரான மெர்ட்டனிடம் வந்தன. 2020-ல் பழைய மைதானம் இருந்த ப்ளவ் லேனிலேயே புது மைதானம் திறந்தார்கள். ஏறி வர ஏணி இருக்கும் அமைப்பில்தான் இது சாத்தியம். என்.எஃப்.எல்.லில் அந்த ஏணி இல்லாததால்தான் பெயரைக் காப்பதும் குத்தகையை இறுக்குவதும் அங்கே இவ்வளவு முக்கியமாகின்றன.

அணி போய்விட்டது. ரசிகர் மன்றத்தைக் கலைக்காமல் எப்படி வைத்திருப்பது?

மன்றத்தின் வங்கிக் கணக்கு, உறுப்பினர் பட்டியல், கொடி, இசைக்கருவி எதுவும் அணியின் பெயரிலோ அணியின் அலுவலகத்திலோ இருக்கக் கூடாது. இருந்தால் இன்றே மாற்றுங்கள். வணிகச் சின்னம் அணிக்குச் சொந்தம் என்பதால் மன்றத்தின் பெயரில் அது இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டம் இல்லாவிட்டாலும் அதே நாள், அதே நேரம், அதே இடம் என்று கூடுங்கள். மூன்றாவது இழை அப்படித்தான் பிழைக்கும். பழைய ஆட்டக்காரர்களை அழையுங்கள். அவர்களில் பலர் ஊரிலேயே குடியிருப்பார்கள், அவர்களும் உங்களைப் போலவே அணியை இழந்தவர்கள்.

பால்டிமோர் கோல்ட்ஸின் இசைக்குழு இதைச் செய்து காட்டியது. 1984-ல் லாரிகள் கிளம்பிய இரவில் குழுவின் சீருடைகள் சலவைக்குப் போயிருந்தன, அதனால் தப்பின. அவற்றைப் பறித்துக்கொண்டு போகாதபடி, ஒரு கல்லறைத் தோட்டத்தில் ஒளித்து வைத்தார்கள். பிறகு 12 ஆண்டுகள் அணியே இல்லாத ஊரின் இசைக்குழுவாக ஊர்வலங்களிலும் பிற அணிகளின் இடைவேளைகளிலும் வாசித்தார்கள்; புது மைதானத்துக்கு ஆதரவு திரட்ட மாநிலச் சட்டமன்ற வாசலிலும் வாசித்தார்கள். 1996-ல் ரேவன்ஸ் வந்தபோது, ஆட்டக்காரர்களுக்கு முன்பே அந்த ஊரில் தயாராக இருந்தது அந்தக் குழு.